படத்தில் இல்லாத முள்

நம் பள்ளிக்கூடத் தோழிகள் குழுவில் போன மாதம் ஒருத்தி அந்தப் படத்தை அனுப்பியிருந்தாள். கீழே, 'யார் யார் வீட்டில் இது இருந்தது? கை தூக்குங்கடி' என்று ஒரு வரி. பத்துப் பதினைந்து பேர் கை தூக்கினீர்கள். நான் மட்டும் ஒன்றும் எழுதவில்லை. எடமலைப்பட்டி புதூரில் பேரப்பிள்ளைக்குச் சோறு ஊட்டியபடி அதைப் பார்த்தவள், சோற்றுக் கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு இரண்டு வரியில் பதில் எழுத வராது என்பது உங்களுக்குத் தெரியும். அதனால்தான் இவ்வளவு நீளம். கண் வலித்தால் நாளைக்குப் படித்துக்கொள்ளுங்கள்.

நம் வயதுக்காரர்களுக்கு அந்தப் படத்தை விவரிக்க வேண்டியதில்லை. இருந்தாலும் எனக்காக ஒரு தடவை சொல்லிக்கொள்கிறேன். காட்டுப் பாதையில் பெண்கள் நடந்துகொண்டிருக்கிறார்கள். நாயகி மட்டும் தோழியின் தோளைப் பிடித்து நின்று, ஒரு காலைப் பின்னுக்கு மடக்கி, பாதத்தைத் தொட்டபடி முகத்தைத் திருப்பிப் பார்க்கிறாள். பழைய வடமொழி நாடகத்தில் வருகிறவள். காட்டில் ராஜாவைக் கண்டு மனதைப் பறிகொடுத்துவிட்டாள். போகவும் மனமில்லை, நிற்கவும் காரணமில்லை. அதனால் காலில் முள் குத்தியதாகச் சாக்குச் சொல்லி நிற்கிறாள். நம் பாட்டன்மார் பிறப்பதற்கும் முன்னால், மலையாளக் கரையில் ஓர் ஓவியர் எண்ணெய் வண்ணத்தில் தீட்டியதாம். அச்சாகி, காலண்டராகி, ஸ்ரீரங்கத்தில் எங்கள் வாடகை வீட்டுக் கூடத்துக்கும் வந்து சேர்ந்திருந்தது.

எங்கள் வீட்டுப் படம் ஒரு குடைக் கடைக் காலண்டர். தேதித் தாள்கள் தீர்ந்ததும் அப்பா கடைப் பெயரை மட்டும் கத்தரித்துவிட்டுக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவிட்டார். அவசரமாகக் கத்தரித்ததில், 'மழைக்கும் வெயிலுக்கும்' என்ற வரியின் மேல்பாதி நாயகியின் காலடியில் தங்கிவிட்டது. வெகுநாள் அது அவள் பெயர் என்றே நினைத்திருந்தேன்.

அந்தப் படத்தின் கதை எங்கள் தெரு முழுக்கத் தெரியும். அப்பாவின் அக்காதான் காரணம். அத்தை எங்கள் வீட்டிலேயே பின்பக்கத்து அறையில் இருந்தார். வீட்டுக்கு யார் வந்தாலும், காபி ஆறுவதற்குள் படத்தைக் காட்டிக் கதையை ஆரம்பித்துவிடுவார். கடைசியில் ஒரு கையை வீசி, "முள்ளாவது கிள்ளாவது! எல்லாம் திரும்பிப் பாக்கத்தான்!" என்று முடிப்பார். வந்தவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். எனக்கு வயது ஒன்பது. எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாது. என்னைப் பொறுத்தவரை அது காலில் முள் குத்தின ஒரு பெண்ணின் படம். அவ்வளவுதான்.

அந்த வருஷம் சித்தி எங்களோடு இருந்தாள். அம்மாவின் தங்கை, பத்தொன்பது வயது. தாத்தா மணப்பாறையில் இருந்தார். வீட்டில் முதன்முதலாகப் பள்ளி இறுதி தாண்டிய பெண் என்பதால் பெருமையும் பயமுமாக அவளை எங்கள் வீட்டில் விட்டிருந்தார். டவுனில் ஆசிரியப் பயிற்சி, இரண்டாவது வருஷம். சித்திக்கு டீச்சராக வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசை இருந்ததாக எனக்கு நினைவில்லை. எங்கள் வீட்டுப் பாத்திரங்களை வரிசையாக உட்கார்த்திவைத்து வருகைப் பதிவு எடுப்பாள். பித்தளைச் சொம்பு எப்போதும் ஆப்சென்ட்.

ஆடி முடியப் போகிற சமயம். ஸ்ரீரங்கத்து ஆடிக் காற்றை அனுபவித்தவர்களுக்குத் தெரியும், கொடியில் காயும் துணி அடுத்த தெருவில் கிடக்கும். சித்தி தினமும் சாயங்காலம் மொட்டைக் கோபுரத்துக்கிட்டே பஸ் இறங்கி, பள்ளிக்கூட வாசலில் என்னைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு நடப்பாள். அந்தக் கோபுரம் அப்போது உயரவில்லை, மொட்டையாகத்தான் நின்றது. வழியில் தெருமுனையில் ஒரு வாட்ச் ரிப்பேர் கடை. எதிரே தென்னந்தோப்பு, அதற்கு முள்வேலி. காற்று அந்த வேலியைப் பிய்த்துத் தெருவெல்லாம் இறைத்திருந்தது.

அங்கேதான் சித்தி "ஸ்ஸ்" என்று நின்றாள். ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு முள் இடது குதிகாலில் ஏறிவிட்டது. என் தோளைப் பிடித்துக்கொண்டாள். காலைப் பின்னால் மடக்கினாள். ஒரு நிமிஷம் தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தாள். பிறகு குனிந்து முள்ளைப் பிடுங்கி வீசினாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. எங்கள் கூடத்துப் படம் நடுத்தெருவில் நின்றுகொண்டிருந்தது, அதில் தோழி நான்!

வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகச் சொன்னேன். அம்மா, அப்பா, அத்தை மூவரும் கூடத்தில் இருந்தார்கள்.

"சித்தி கால்ல முள்ளு குத்திடுச்சு! வாட்ச் கடை கிட்ட. நம்ம படத்துல இருக்கற மாதிரியே நின்னாங்க. என் தோளப் பிடிச்சுக்கிட்டு, கால மடக்கி, அப்படியே திரும்பிப் பாத்தாங்க!"

நான் செய்தும் காட்டினேன். அத்தைக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா பேப்பரை மடித்து வைத்தார். வழக்கமாக நான் எதையாவது நடித்துக் காட்டினால் அம்மா ரசிப்பாள். அன்றைக்கு உள்ளே போய்விட்டாள். நான் முள்ளைப் பற்றிச் சொன்னேன், அவர்கள் காதில் விழுந்தது திரும்பிப் பார்த்தது மட்டும்தான். இது விளங்க எனக்குப் பல வருஷம் ஆயிற்று.

வாட்ச் கடையில் ஒரு வாலிபர் உட்கார்ந்திருப்பார். பாவம், ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு கடிகாரத்துக்குள் குனிந்திருப்பார். அந்தக் கண்ணால் மூக்குக்கு அப்பால் எதுவும் தெரியாது, இன்னொரு கண்ணை மூடியிருப்பார். அவரைப் போய்!

அடுத்த நாளும் அதே இடத்தில் சித்தி நின்றாள். பஸ் இறங்கி அவ்வளவு தூரம் நடந்து வரும்போது வலி அங்கேதான் உச்சிக்குப் போகும் போலிருக்கிறது. மூன்றாம் நாள், கோயிலிலிருந்து திரும்பி வந்த அத்தை எதிர்ப்பக்கம் நின்று கண்ணாலேயே பார்த்துவிட்டார். தோளைப் பிடித்தது, காலை மடக்கியது, திரும்பிப் பார்த்தது. ஒன்று பாக்கியில்லை.

அன்று ராத்திரிச் சாப்பாடு ஆனதும் அப்பா கேட்டார். அவர் கத்துகிறவர் இல்லை. ரயில்வே ஆபீஸில் கடிதம் எழுதுகிற மாதிரி வார்த்தை வார்த்தையாகத்தான் பேசுவார்.

"ஏம்மா, தெருமுனைல தினம் எதுக்கு நிக்கற?"

"கால்ல முள்ளு குத்திடுச்சு அத்தான். வலிக்குது."

அத்தை சொன்னார்: "அவளும் அதத்தான் சொன்னா." சொல்லிவிட்டுச் சுவரைக் காட்டினார்.

அம்மா விளக்கைக் கொண்டுவந்து காலைப் பார்க்கத்தான் செய்தாள். குதிகாலில் கடுகளவு கறுப்புப் புள்ளி. அழுத்திப் பார்த்தாள். சித்தி பல்லைக் கடித்துக்கொண்டாள். "ஒண்ணும் தெரியலியே" என்றாள் அம்மா. அதற்குமேல் ஒருவரும் பார்க்கவில்லை.

மறுநாளிலிருந்து சித்தி பயிற்சிக்குப் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று அப்பா லீவு எழுதிக் கொடுத்துவிட்டுத் தாத்தாவுக்கும் ஒரு கடிதம் போட்டார். ஸ்ரீஜெயந்திக்கு மறுநாள் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்று பதில் வந்தது. கூட்டிக்கொண்டு போனால் வரன் பார்ப்பார்கள், எல்லோருக்கும் தெரியும். அதே வாரம்தான் சித்திக்கு மாதிரி வகுப்புகள் ஆரம்பம். நிஜமான பள்ளிக்கூடத்தில், நிஜமான மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முன்னால் நின்று பாடம் நடத்த வேண்டும். அதைத் தவறவிட்டால் வருஷம் போயிற்று. அந்த வருஷம் போனால் இன்னொரு வருஷம் கொடுக்கிற வீடு இல்லை எங்களுடையது.

அப்பாவை இன்றைக்குக் குறை சொல்வது சுலபம். இன்னொரு வீட்டுப் பெண்ணின் பொறுப்பை ஏற்றுக்கொண்ட மனிதர், மாமனார் முகத்தில் எப்படி விழிப்பது என்று பயந்துவிட்டார். அவ்வளவுதான். நம் அப்பாக்கள் பலரும் கெட்டவர்களாக இருந்ததைவிடப் பயந்தவர்களாகத்தான் இருந்தார்கள்.

சித்தி அழவில்லை. கூடத்து மூலையில் காலை நீட்டி உட்கார்ந்து, மாதிரி வகுப்புக்கான சார்ட்டை வரைந்துகொண்டே இருந்தாள். கடல், மேகம், மழை. மேகத்துக்கு நீல மசியில் பஞ்சைத் தோய்த்து ஒற்றுவாள். போகப்போவதில்லை என்று தெரிந்தும் எதற்கு வரைகிறாள் என்று அம்மா ஒருதரம் முணுமுணுத்தாள். சித்தி காதில் வாங்காமல் மழைத்தாரைகளுக்கு அம்புக்குறி போட்டாள்.

தினமும் காலையில் எனக்குத் தலை பின்னிவிடுவது சித்திதான். யார் வாயிலிருந்து அந்த வார்த்தை கிளம்பியது என்று அவளுக்குத் தெரியும். அவள் எதிரில்தானே நடித்துக் காட்டினேன். அந்த நாட்களில் பின்னலை ஒரு சுண்டு சுண்டி இழுத்திருந்தால்கூட நான் வாங்கிக்கொண்டிருப்பேன். அந்தக் கை என்றைக்கும்போலவே பின்னியது. ரிப்பன் முடிச்சில் இரண்டு காதும் சமமாக இருக்கிறதா என்று முன்னால் வந்து பார்த்தது. இவ்வளவு நீளம் எழுதுவதே அந்தக் கைக்காகத்தான்.

எனக்கும் சந்தேகம் வந்தது என்பதை மறைக்கக் கூடாது. ஒரு நாள் முக்காலியைப் போட்டு ஏறி, கண்ணாடியைப் பாவாடையால் துடைத்து, படத்தில் முள்ளைத் தேடினேன். பாதம், விரல், தரை, புல் எல்லாம் பார்த்தேன். மறுநாள் பின்னல் நேரத்தில் சொன்னேன்.

"படத்துல முள்ளே இல்ல சித்தி."

"தெரியும்."

"அப்ப உங்க கால்ல?"

கை ஒரு கணம் நின்றது. "ஒரு தடவ சொல்லியாச்சுல்ல. நம்பல. ரெண்டாந்தடவ சொன்னா பொய் மாதிரி இருக்கும்" என்றாள். அவள் உள்ளங்கை என் பிடரியில் பட்டது. சுட்டது.

ஸ்ரீஜெயந்தி வந்தது. உங்கள் வீடுகளிலும் கண்ணன் கால் போட்டிருப்பீர்கள். அரிசிமாவைக் கரைத்து, முஷ்டியின் பக்கவாட்டைத் தோய்த்துத் தரையில் ஒற்றி, விரல் நுனியால் ஐந்து பொட்டு வைத்தால் குழந்தைப் பாதம். அந்த வருஷம் கண்ணனின் கால் என் முஷ்டிதான். வாசற்படியிலிருந்து கூடம் வழியாகப் பூஜை அலமாரி வரைக்கும் ஒற்றிக்கொண்டே போனேன். சமையலறையில் சீடை பொரிகிற வாசனை. கூடத்தில் காவி பூசின தரை, அதில் வெள்ளை வெளேரென்று குட்டிக் குட்டிப் பாதங்கள். அத்தை ஒவ்வொன்றாக எண்ணி, இடதும் வலதும் மாறவில்லையே என்று சரிபார்த்தார்.

அப்பா ஆபீஸிலிருந்து வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தார். அம்மா சித்தியைக் கூப்பிட்டுச் சீடைத் தட்டை அலமாரியில் வைக்கச் சொன்னாள். நான் மாவுக் கிண்ணத்தைச் சமையலறை வாசலிலேயே விட்டிருந்தேன். இரண்டு கையிலும் தட்டைப் பிடித்துவந்த சித்தி அதைத் தட்டிவிட்டாள். கொட்டிய மாவில் கால் வைத்தவள், தட்டைக் கவிழ்க்கக் கூடாதே என்று அப்படியே நடந்து அலமாரியில் வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நல்ல நாளும் அதுவுமா கண்ணன் கால மிதிச்சிட்டாளே!" என்று அத்தை ஆரம்பித்தார். அம்மா ஈரத்துணியை என் கையில் கொடுத்துத் துடைக்கச் சொன்னாள்.

நான் குந்தி உட்கார்ந்தேன். என் குட்டிப் பாதங்களுக்குப் பக்கத்திலேயே சித்தியின் தடம். வலது முழுசாக இருந்தது. இடதில் விரல்களும் முன்பாதமும் மட்டும், குதிகால் இல்லை. அடுத்த வலது முழுசு. அடுத்த இடது பாதி. சமையலறையிலிருந்து அலமாரி வரைக்கும் அப்படியே. ஓர் இடதில்கூடக் குதிகால் தரையைத் தொடவில்லை. என் முஷ்டிக்குக்கூடக் குதிகால் இருந்தது.

கையில் துணியோடு கேட்டேன். துடுக்காகக் கேட்கவில்லை. சத்தியமாக எனக்குத் தெரியவில்லை.

"அம்மா, வீட்டுக்குள்ள சித்தி யாரத் திரும்பிப் பாக்கறாங்க?"

அப்பா ஈரக் காலோடு அப்படியே நின்றார். அப்புறம் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இடுப்பை வளைத்து, அந்தத் தடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே சமையலறை வாசல்வரை போனார். திரும்பி அலமாரிவரை வந்தார். சித்தியின் நெற்றியில் கையை வைத்துப் பார்க்கும்படி அம்மாவிடம் சொன்னார். அம்மா கையை வைத்ததும் "ஐயோ" என்றாள்.

"துடைக்காதே" என்று என்னிடம் சொல்லிவிட்டு அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு குதிரை வண்டி பிடிக்கப் போனார். ஸ்ரீஜெயந்தி பூஜை அன்றைக்கு எங்கள் வீட்டில் நடக்கவில்லை. சீடையை எப்போது சாப்பிட்டோம் என்றும் நினைவில்லை.

டாக்டர் குதிகாலைக் கீறி எடுத்தது என் சுண்டுவிரல் பாதி நீளத்துக்கு ஒரு முள். அன்றைக்குச் சித்தி பிடுங்கியது மேல் பாதி. கீழ்ப் பாதி உள்ளேயே முறிந்து சீழ் கோத்திருந்தது. "இன்னும் நாலு நாள் விட்டிருந்தா பாதத்தையே எடுத்திருக்கணும்" என்றாராம். அப்பா அந்த முள்ளைப் பஞ்சில் சுற்றித் தீப்பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தார். அத்தையிடம் நீட்டினார். அத்தை திறந்து பார்த்தார். எடுத்து வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தார்.

"நான் என்னத்தக் கண்டேன் தம்பி? படத்துல அப்படித்தானே இருக்கு" என்றார். சொல்லிவிட்டுப் பின்பக்கத்து அறைக்குள் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் யாருக்கும் அந்தக் கதையைச் சொல்லி நான் கேட்கவில்லை. யாராவது படத்தைக் கேட்டால், "பழைய காலண்டர்" என்பார்.

தீப்பெட்டியை அப்பா படச் சட்டத்தின் மேல், சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவில் செருகினார். மன்னார்புரத்துக்கு வீடு மாறினபோது படமும் போயிற்று, தீப்பெட்டியும் போயிற்று. எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. அந்தத் தீப்பெட்டி இன்றைக்குக் கிடைத்தால் பெட்டியில் நகைகளோடு வைப்பேன்.

மறுநாள் தாத்தா முறுக்கு டின்னோடு வந்து இறங்கினார். பெண்ணைக் கூட்டிப்போக வந்தவருக்குக் கட்டுப் போட்ட காலும், அதை மடியில் வைத்துக்கொண்டிருந்த அம்மாவும்தான் தெரிந்தது.

"கடிதாசில ஒண்ணும் விவரமா இல்லியே மாப்ளே. என்ன விஷயம்?" என்று கேட்டார்.

அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். "ஒண்ணுமில்ல மாமா. கால்ல முள்ளு. ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போங்கன்னுதான் எழுதினேன்."

மன்னிப்பு என்ற வார்த்தை நம் அப்பாக்களின் வாயில் வராது. ஆனால் இரண்டு நாள் கழித்து, மாதிரி வகுப்பு ஆரம்பிக்கிற காலையில், சைக்கிள் கேரியரில் தலையணையை வைத்துக் கயிற்றால் கட்டினார். சித்தி உட்கார்ந்தாள். மடியில் சுருட்டின சார்ட். காவேரிப் பாலத்தின் மேல் எதிர்க்காற்றில் மிதித்துக்கொண்டு போய் விட்டுவிட்டு, அதற்குப் பிறகு ஆபீஸுக்குப் போனார். வகுப்புகள் முடிகிறவரை ஒரு நாள் விடவில்லை. தெருமுனையில் வாட்ச் கடைக்காரர் அப்பாவுக்கு வணக்கம் சொன்னார். அப்பாவும் சொன்னார். தன்மேல் ஒரு கதையே ஓடியது அந்த மனுஷருக்குக் கடைசிவரை தெரியாது.

நான் காலேஜில் படித்தபோது ஒருதரம் சித்தியிடம் கேட்டேன், அன்றைக்கு எதற்குத்தான் திரும்பிப் பார்த்தீர்கள் என்று. விழுந்து விழுந்து சிரித்தாள். "நடுத்தெருவுல புடவைய ஒதுக்கிக் காலத் தூக்கணுமே, யாரும் பாக்கலியேன்னு பாத்தேன்டி!"

சித்தி தலைமையாசிரியையாகி ஓய்வு பெற்றாள். அவளிடம் படித்த பிள்ளைகள் இன்றைக்கும் ஒன்று சொல்வார்கள். வயிற்றுவலி என்று எழுந்து நின்றால் மற்ற டீச்சர்கள் வீட்டுப்பாடம் எங்கே என்று கேட்பார்களாம். சித்தி முதலில் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பாளாம். பொய் சொல்லி ஏமாற்றியவர்களும் உண்டு. பரவாயில்லை என்பாள். என் வார்த்தையால் ஒரு வருஷத்தையும் ஒரு பாதத்தையும் இழக்கப் பார்த்தவள், அதைப் பற்றி இன்றுவரை என்னிடம் ஒரு சொல் சொன்னதில்லை. மற்றவர்களிடம், "இவ கேட்ட கேள்விலதான் எனக்குக் காலு நின்னுது" என்று மட்டும் சொல்வாள். நடந்ததில் பின்பாதியை மட்டும் ஊருக்குச் சொல்லி, முன்பாதியைத் தன்னோடு வைத்துக்கொண்டாள். இதற்கெல்லாம் எப்படி நன்றி சொல்வது? எனக்கு இந்த வயதிலும் தெரியவில்லை.

நீங்கள் அனுப்பிய படத்தை எடுத்துக்கொண்டு போன வாரம் ஸ்ரீரங்கம் போனேன். சித்திக்கு இப்போது எண்பதை நெருங்குகிறது. போனைக் கையில் கொடுத்தேன். கண்ணாடியை ஏற்றிப் பார்த்தவள் முகம் விரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் பேத்தி எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் ஒன்பது வயதுதான்.

"இவங்க யாரப் பாட்டி திரும்பிப் பாக்கறாங்க?"

சித்தி போனை அவளிடம் கொடுத்தாள்.

"அது இருக்கட்டும். கால்ல என்னன்னு முதல்ல பாரு."

குழந்தை இரண்டு விரலால் படத்தை இழுத்துப் பெரிதாக்கி, அந்தப் பாதத்தின் மேல் குனிந்தாள்.